கெர்னல் 5.4-லிருந்து 5.10-க்கு மாறியபின் என்எஃப்எஸ் ரூட் மவுண்ட் ஆகவில்லை: கான்ஃபிக்கில் எதைத் தவறவிட்டேன்?

ஆய்வகச்சாவி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் கல்லூரிக் கணினி ஆய்வகத்தில் ஹார்ட் டிஸ்க் இல்லாத 22 இயந்திரங்கள் உள்ளன. நெட்வொர்க் வழியாகப் பூட் ஆகும் பிஎக்ஸ்இ முறையில் லினக்ஸ் கெர்னலை இறக்கிக்கொண்டு, இயங்குதளக் கோப்புகள் இருக்கும் ரூட் கோப்பு முறைமையை ஒரே சர்வரிலிருந்து என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு வழியாக அவை எடுத்துக்கொள்கின்றன. இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் கிடைக்கும்வரை நினைவகத்தில் இருக்கும் தற்காலிகக் கோப்பு முறைமை) கிடையாது, பூட் ஆவதற்குத் தேவையான அனைத்தும் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கம்பைல் செய்யப்பட்டுள்ளன. எனக்கு முன்பு இங்குப் பணியாற்றியவர் அமைத்த இந்த ஏற்பாடு 5.4 கெர்னலில் தடங்கலின்றி ஓடிக்கொண்டிருந்தது.

சென்ற வாரம் 5.10-க்கு மாற முடிவுசெய்து, கெர்னலில் எவையெவை சேர வேண்டும் என்று சொல்லும் பழைய கான்ஃபிக் கோப்பை அப்படியே புதிய மூலநிரல் கோப்புறையில் வைத்து, ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கொடுத்துக் கம்பைல் செய்தேன். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் இயந்திரத்தை இயக்கினால், முகவரி கிடைத்துவிட்டதைக் காட்டும் ‘ஐபி-கான்ஃபிக்: கம்ப்ளீட்’ என்ற வரி வந்தபின் திரை அசையாமல் நிற்கிறது. ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்தால், என்எஃப்எஸ் வழியாக ரூட்டை மவுண்ட் செய்ய முடியவில்லை என்ற வரியும், அதன்கீழ் ‘அன்நோன்-பிளாக்(0,255)’ என்று முடியும் பேனிக் (கெர்னல் மேலே தொடர முடியாமல் நின்றுவிடுவது) செய்தியும் வருகின்றன. சர்வரில் நான் எதையும் மாற்றவில்லை. பழைய கெர்னலைக் கொடுத்தால் அதே இயந்திரம் உடனே எழுந்துவிடுகிறது. என்எஃப்எஸ் கிளையன்ட், பதிப்பு 3, ரூட் மவுண்ட் ஆகிய மூன்றும் புதிய கான்ஃபிக்கிலும் இயங்கும் நிலையில்தான் இருக்கின்றன என்பதைச் சரிபார்த்துவிட்டேன். வேறு எங்கே பார்க்க வேண்டும்?

பழையசர்வர்:

வணக்கம். நீங்கள் கொடுத்துள்ள இரண்டு குறிப்புகளே பெரும்பகுதியைச் சொல்லிவிடுகின்றன.

முதலாவது, 0,255 என்ற எண். என்எஃப்எஸ் ரூட்டுக்காகக் கெர்னல் ஒதுக்கிவைத்திருக்கும் பொய்ச் சாதன எண் அது. ஆகவே பூட் வரியில் ரூட் என்பதற்கு ‘/டெவ்/என்எஃப்எஸ்’ என்று நீங்கள் எழுதியதைக் கெர்னல் சரியாகவே புரிந்துகொண்டது. உள்ளூர் டிஸ்க் எதையும் அது தேடவில்லை.

இரண்டாவது, நீங்கள் காத்திருந்த நேரம். ரூட் மவுண்ட் தோற்றால் கெர்னல் உடனே கைவிடுவதில்லை. 5 விநாடி, 10, 20, 30, மீண்டும் 30 என்று இடைவெளி விட்டு ஐந்து முறை திரும்ப முயன்றபின்தான் ஓய்கிறது. அவற்றின் கூட்டுத்தொகை 95 விநாடி. உங்கள் ஒன்றரை நிமிடம் இதனோடு ஒட்டி வருவதால், ஒவ்வொரு முயற்சியும் நொடிப்பொழுதில் தோற்கிறது என்று கொள்ளலாம். சர்வர் பதில் தராமல் இழுத்தடித்திருந்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் ஆர்பிசி (என்எஃப்எஸ் தன் கோரிக்கைகளைச் சர்வருக்கு அனுப்பும் முறை) காத்திருப்பு நேரம் கூடி, மொத்த நேரம் இதைவிடக் கணிசமாக நீண்டிருக்கும். எனவே ஒன்று சர்வர் உடனுக்குடன் மறுக்கிறது, அல்லது கோரிக்கை இயந்திரத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

இதைப் பிரித்தறிய இரண்டு வேலைகள் செய்யுங்கள். சர்வரில் வந்துபோகும் பேக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, அந்த இயந்திரத்தின் முகவரியிலிருந்து என்எஃப்எஸ்ஸுக்குத் தேவையான 111, 2049 ஆகிய போர்ட்டுகளுக்கு ஏதேனும் வருகிறதா என்று பாருங்கள். பூட் வரியில் ‘என்எஃப்எஸ்ரூட்டீபக்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டு மீண்டும் இயக்குங்கள். கெர்னலின் ஆர்பிசி பகுதியான சன்ஆர்பிசியின் பிழைத்திருத்த வசதி சேர்க்கப்பட்டிருந்தால், மவுண்ட் தோற்றதற்கான காரணம் திரையில் வந்துவிடும். உங்கள் பூட் வரியை முழுமையாக இங்கே இடுவதும் உதவும்.

ஆய்வகச்சாவி:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்ன இரண்டையும் இன்று காலை செய்து பார்த்தேன். முகவரி பெறுவதற்கான டிஎச்சிபி உரையாடல், கெர்னல் கோப்பு இறங்குவது, மீண்டும் ஒரு டிஎச்சிபி உரையாடல் ஆகியவை டிசிபிடம்ப்பில் தெரிகின்றன. அதன்பின் அந்த இயந்திரத்திலிருந்து 111-க்கோ 2049-க்கோ ஒரு பேக்கெட்கூட வரவில்லை.

பிழைத்திருத்தச் சொல்லைச் சேர்த்ததும், யுடிபி போக்குவரத்து நெறிமுறைக்கு ஆதரவு இல்லை என்ற வரி திரையில் வந்தது. பூட் வரியில் சர்வர் பாதைக்குப் பின்னால் இருப்பவை இவை: ‘வெர்ஸ்=3,யுடிபி,ஆர்சைஸ்=32768,டபிள்யூசைஸ்=32768’. கடைசி இரண்டும் படிக்கும், எழுதும் அளவுகள். 5.4 வரை இதே வரிதான். கெர்னலிலிருந்து யுடிபியையே எடுத்துவிட்டார்களா?

பழையசர்வர்:

எடுத்துவிடவில்லை, முன்னியல்பாக, அதாவது நாம் எதையும் சொல்லாதபோது இருக்கும் நிலையில், அணைத்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் வந்த 5.6 பதிப்பில் என்எஃப்எஸ் கிளையன்ட்டின் கீழ் ‘டிஸேபிள் என்எஃப்எஸ் யுடிபி புரோட்டோகால் சப்போர்ட்’ என்ற புதிய தேர்வு சேர்க்கப்பட்டது. அதன் முன்னியல்பு ‘ஆம்’. உங்கள் பழைய கான்ஃபிக்கில் இந்தத் தேர்வு இல்லவே இல்லாததால், ஓல்ட்டெஃப்கான்ஃபிக் உங்களைக் கேட்காமலேயே முன்னியல்பை ஏற்றுக்கொண்டது. பெயரிலேயே ‘டிஸேபிள்’ இருப்பதால், இங்கே ‘ஆம்’ என்றால் வசதி போய்விட்டது என்று பொருள். நீங்கள் இருக்க வேண்டியவை இருக்கின்றனவா என்று சரிபார்த்தீர்கள். இது புதிதாக முளைத்தது என்பதால் உங்கள் கண்ணில் பட வாய்ப்பில்லை.

பூட் வரியைக் கெர்னல் படித்தபோதே யுடிபி என்ற சொல்லை ஏற்காமல் நின்றுவிட்டது. பேக்கெட் ஒன்றும் வெளியே போகாததற்கு அதுவே காரணம்.

ஒரு பெரிய பதிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது ஓல்ட்டெஃப்கான்ஃபிக்கை நான் முதல் படியாக ஒருபோதும் ஓட்டுவதில்லை. முதலில் ‘மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்’ கொடுத்தால், பழைய கோப்பில் இல்லாத புதிய தேர்வுகள் மட்டும் பட்டியலாக வரும். 5.4-க்கும் 5.10-க்கும் இடையில் அந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். ஆனாலும் நாம் உயிரை வைத்திருக்கும் பகுதிகளை, அதாவது என்எஃப்எஸ், சன்ஆர்பிசி, ஐபி, நெட்வொர்க் கார்டு ஆகியவற்றை மட்டுமாவது ஒரு முறை வாசித்துவிட வேண்டும். மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் உள்ள டிஃப்கான்ஃபிக், இரண்டு கான்ஃபிக் கோப்புகளின் வேறுபாட்டைச் சுருக்கமாகக் காட்டும். முன்னியல்பு என்பது நமக்காக இன்னொருவர் எடுத்த முடிவு. பெரும்பாலும் நல்ல முடிவுதான், ஆனால் நம் ஆய்வகத்தைப் பார்த்து எடுத்ததன்று.

தனிமரம்:

அப்படியானால் வழி எளிது. அந்தத் தேர்வை ‘இல்லை’ என்று மாற்றி மீண்டும் கம்பைல் செய்துவிடுங்கள். சர்வரையோ பூட் வரியையோ தொட வேண்டியதில்லை; 22 இயந்திரங்களும் பழையபடி எழுந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் குறைந்தபட்ச மாற்றம் செய்வதே பாதுகாப்பு என்பது என் அனுபவம்.

மின்னிழை:

நண்பர் தனிமரத்தின் ஆலோசனை இயந்திரங்களை எழுப்பிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த முன்னியல்பு எதற்காக மாற்றப்பட்டது என்பதை அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. இது வேகத்தைப் பற்றியது மட்டுமன்று, தரவின் உண்மைத்தன்மையைப் பற்றியது.

இந்த இயந்திரங்களில் எழுதும் அளவு 32,768 பைட். ஈதர்நெட்டில் ஒரு ஐபி பேக்கெட்டுக்குள் ஏறத்தாழ 1,480 பைட்தான் அடங்கும் என்பதால், ஒவ்வொரு எழுதும் கோரிக்கையும் 23 துண்டுகளாக உடைந்து போகிறது. எந்தத் துண்டு எந்தக் கோரிக்கையைச் சேர்ந்தது என்பதற்கு ஐபி தலைப்பில் உள்ள அடையாளம் 16 பிட் எண் மட்டுமே. 65,536 கோரிக்கைகளுக்குப் பின் அதே எண் மறுபடி வந்துவிடும். ஒரு துண்டு வழியில் தொலைந்தால், மீதமுள்ள 22 துண்டுகளையும் பெறுபவர் தூக்கியெறியாமல் நினைவகத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். லினக்ஸில் அந்தக் காத்திருப்பு முன்னியல்பாக 30 விநாடி.

இப்போது கணக்கிடுங்கள். 65,536 கோரிக்கைகள், ஒவ்வொன்றும் 32 கிலோபைட். மொத்தம் 2 ஜிகாபைட். 100 மெகாபிட் இணைப்பில் இவ்வளவும் கடக்க ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். எண் மறுபடி வருவதற்குள் பழைய துண்டுகள் எப்போதோ அழிந்திருக்கும், ஆபத்தில்லை. அதே தரவு ஜிகாபிட் இணைப்பில் 18 விநாடிக்குள் கடந்துவிடும். அதாவது பழைய கோரிக்கையின் 22 துண்டுகள் இன்னும் காத்துக்கொண்டிருக்கும்போதே, அதே அடையாள எண்ணோடு புதிய கோரிக்கையின் துண்டுகள் வந்து சேர்கின்றன. காலியாக இருந்த இடத்தில் புதியதன் துண்டு பொருந்தி உட்கார்ந்துவிடுகிறது. அளவை 8 கிலோபைட்டாகக் குறைத்தால் பிழைக்கலாம் என்று சிலர் நினைப்பதுண்டு. அப்போது எண் ஐந்து விநாடிக்குள்ளேயே சுற்றி வந்துவிடும் என்பதால் நிலைமை மோசமாகவே ஆகிறது.

இப்படிக் கலந்துபோன ஒன்றைப் பிடிக்க எஞ்சியிருப்பது யுடிபியின் சரிபார்ப்புத் தொகை மட்டுமே. அதுவும் 16 பிட்தான். தற்செயலான தரவு அதைத் தாண்டிவிட 65,536-இல் ஒரு வாய்ப்பு உண்டு. நாள் முழுவதும் ஓடும் நெட்வொர்க்கில் அது சிறிய வாய்ப்பன்று. அப்படித் தாண்டியது எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் சர்வர் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். என்எஃப்எஸ் கையேட்டுப் பக்கத்திலேயே, அதிவேக இணைப்புகளில் யுடிபியைப் பயன்படுத்தினால் தரவு சத்தமின்றிச் சிதையக்கூடும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. டிசிபியில் இந்தத் துண்டாடலே நிகழ்வதில்லை. தொலைந்த பகுதியை மட்டும் அது மீண்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

எனவே, பூட் வரியில் ‘யுடிபி’ என்பதை ‘டிசிபி’ என்று மாற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன். கம்பைல் செய்யவும் தேவையில்லை. பிஎக்ஸ்இ கான்ஃபிக் கோப்பில் ஒரே ஒரு சொல்.

தனிமரம்:

விளக்கத்துக்கு நன்றி. இந்தக் கணக்கை நான் இதற்கு முன் போட்டுப் பார்த்ததில்லை. எங்களிடம் இருப்பவை 100 மெகாபிட் போர்ட் கொண்ட பழைய போர்டுகள். அவற்றில் ஆண்டுக்கணக்கில் யுடிபி சிக்கலின்றி ஓடியதால், எல்லா இடத்துக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டேன். ஜிகாபிட் ஆய்வகத்துக்கு என் ஆலோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். யூ-பூட் போன்ற பூட்லோடர் வழியாக என்எஃப்எஸ்ஸிலிருந்து கெர்னலை இறக்குபவர்கள் கவனிக்க வேண்டும். யூ-பூட்டின் என்எஃப்எஸ் கட்டளை யுடிபியில்தான் பேசும். அவர்கள் சர்வர் பக்கத்தில் யுடிபியைத் திறந்துவைக்க வேண்டியிருக்கும். கெர்னலின் கிளையன்ட் தேர்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

ஆய்வகச்சாவி:

எங்கள் ஆய்வகத்து ஸ்விட்ச்சை இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஜிகாபிட்டாக மாற்றினோம். அதற்கு முன் 100 மெகாபிட். பூட் வரி அந்தக் காலத்தில் எழுதப்பட்டது. யாரும் அதைத் திரும்பப் பார்க்கவில்லை. மாணவர்கள் சேமித்த சுருக்கக் கோப்புகள் விரியாமல் போன நிகழ்வுகள் இரண்டு மூன்று நினைவுக்கு வருகின்றன. அப்போது அவர்கள் பென் டிரைவைச் சரியாகக் கழற்றவில்லை என்று நான் சொல்லி அனுப்பினேன். இதனால்தான் அது நடந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகளிடம் அப்படிச் சொன்னது மனத்தை உறுத்துகிறது.

டிசிபிக்கு மாற்றினேன், சோதனைக்கு எடுத்த இயந்திரம் முதல் முயற்சியிலேயே எழுந்துவிட்டது. படிக்கும், எழுதும் அளவுகளையும் நீக்கிவிட்டால் சர்வரோடு பேசித் தானாகப் பெரிய அளவைத் தேர்ந்துகொள்ளும் அல்லவா?

மின்னிழை:

நீக்கிவிடாதீர்கள். சாதாரண மவுண்ட் கட்டளையில் நீங்கள் சொல்வது சரி. அளவை எழுதாவிட்டால் இரு பக்கமும் பேசி முடிவு செய்துகொள்ளும். ஆனால் கெர்னல் தானே ரூட்டை மவுண்ட் செய்யும் நேர்வழியில், மூலநிரலுக்குள் எழுதிவைத்திருக்கும் முன்னியல்பு 4,096 பைட். நீங்கள் எதையும் எழுதாவிட்டால் அதுதான் நிற்கும். இயந்திரம் எழுந்துவிடும், ஆனால் உலாவி திறக்க நேரமாகிறது என்று மாணவர்கள் சொல்வார்கள். 32,768-ஐ அப்படியே விடலாம். டிசிபியில் அதைவிடப் பெரிதாக்கியும் பார்க்கலாம்.

பதிப்பையும் அதேபோல் எழுதியே வையுங்கள். பதிப்பு 2 கெர்னலில் சேர்க்கப்பட்டிருந்தால், ரூட் மவுண்டுக்கு முன்னியல்பாக அதைத்தான் கேட்கும். 1989-இல் ஆர்எஃப்சி 1094-ஆக வெளியான அந்தப் பதிப்பில் 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைக் கையாளவே முடியாது. உங்களுக்கு அது தேவைப்படாது. கிளையன்ட் கான்ஃபிக்கில் அணைத்துவிடுங்கள்.

கடலோரம்:

இழையைத் திசைதிருப்புவதாக எண்ண வேண்டாம். நானும் இதே போன்ற அமைப்பைப் புதிதாகச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கெர்னல் தேர்வுகளைப் பட்டியலாகக் காட்டும் மெனுகான்ஃபிக்கில் ‘ஃபைல் சிஸ்டம்ஸ்’ பகுதியின் கீழ் ‘நெட்வொர்க் ஃபைல் சிஸ்டம்ஸ்’ வரை போய்விட்டேன். என்எஃப்எஸ் கிளையன்ட் தெரிகிறது, பதிப்புகள் தெரிகின்றன. ஆனால் நீங்கள் எல்லோரும் சொல்லும் ‘ரூட் ஃபைல் சிஸ்டம் ஆன் என்எஃப்எஸ்’ என்ற தேர்வு எனக்குத் தெரியவே இல்லை.

பழையசர்வர்:

அந்தத் தேர்வு இரண்டு நிபந்தனைகள் நிறைவேறினால்தான் கண்ணில் படும். என்எஃப்எஸ் கிளையன்ட் தனிக் கோப்பிலிருந்து பின்னர் ஏற்றப்படும் மாட்யூலாக, அதாவது எம் குறியோடு, இருக்கக் கூடாது. நட்சத்திரக் குறியோடு கெர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். ரூட்டே இன்னும் வராத நிலையில் மாட்யூலை எங்கிருந்து எடுப்பது? அடுத்தது, முற்றிலும் வேறு இடத்தில், நெட்வொர்க்கிங் பகுதியின் டிசிபி/ஐபி தேர்வுகளுக்குள், ‘ஐபி: கெர்னல் லெவல் ஆட்டோகான்ஃபிகரேஷன்’ என்பது இயங்க வேண்டும். அதன் கீழேயே டிஎச்சிபி ஆதரவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டுத் திரும்பிப் போனால் தேர்வு தெரியும். மெனுகான்ஃபிக்கில் சாய்வுக்கோடு விசையை அழுத்திப் பெயரைத் தேடினால், ஒரு தேர்வு எவற்றைச் சார்ந்திருக்கிறது என்பதையும் அவற்றின் இப்போதைய நிலையையும் அது காட்டிவிடும். இப்படி மறைந்திருப்பவற்றைத் தேட அதைவிட நல்ல வழி இல்லை.

மேலும் இரண்டு இடங்களில் கால் இடறும். பதிப்பு 3-க்கென்று தனித் தேர்வு உண்டு. கிளையன்ட் உள்ளே இருந்து பதிப்பு 3 மட்டும் மாட்யூலாக இருந்தால், கம்பைல் ஆகும், பூட் ஆகாது. நெட்வொர்க் கார்டின் டிரைவரும் உள்ளேயே இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் என்எஃப்எஸ் வரை போகாமல், நெட்வொர்க் சாதனமே இல்லை என்று ஐபி-கான்ஃபிக் சொல்லிவிடும்.

தனிமரம்:

இவ்வளவையும் கெர்னலுக்குள் அடைப்பதைவிட, வினியோகம் தரும் கெர்னலையும் ஒரு இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் வைத்துக்கொண்டால் என்ன? அதை உருவாக்கித் தரும் டிராகட், இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் இரண்டுமே என்எஃப்எஸ் ரூட்டை ஆதரிக்கின்றன. டிரைவர் மாட்யூலாகவே இருக்கலாம். டிராகட்டில் பதிப்பு 4-ஐயும் எளிதாகப் பயன்படுத்தலாம்.

பழையசர்வர்:

பலவகை இயந்திரங்கள் கலந்திருக்கும் இடத்தில் நானும் அதையே செய்வேன். ஒவ்வொரு கார்டுக்கும் கெர்னலை மறுபடி கம்பைல் செய்வது வீண் உழைப்பு. ஆனால் ஒரே மாதிரியான 22 இயந்திரங்களுக்கு நேர்வழியில் ஓர் அழகு இருக்கிறது: பூட் ஆவதற்கு ஒரே ஒரு கோப்பு, பிழை தேட ஒரே ஒரு இடம். ஆய்வகச்சாவியின் அமைப்பை மாற்றச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நேர்வழியின் ஒரு வரம்பை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். ரூட்டை இவ்வாறு மவுண்ட் செய்யும்போது கெர்னல் ‘நோலாக்’ என்பதைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. பதிப்பு 3-இல் கோப்புப் பூட்டுக்கு ஸ்டாட்டி போன்ற துணை நிரல்கள் வெளியே ஓட வேண்டும். ரூட் வருவதற்கு முன் அவை எப்படி ஓடும்? ஆகவே அந்த மவுண்டில் போடப்படும் பூட்டு அந்த இயந்திரத்துக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும். பக்கத்து இயந்திரத்துக்குத் தெரியாது. மாணவர்களின் ஹோம் கோப்புறையும் இதே மவுண்டில் இருந்து, ஒரே மாணவர் இரண்டு இயந்திரங்களில் நுழைந்தால், உலாவியின் தரவுக் கோப்புகள் சிதைய அதுவே போதும்.

ஹோமைத் தனியே பிரித்து, இயந்திரம் எழுந்தபின் பதிப்பு 4.2-இல் மவுண்ட் செய்யுங்கள். பதிப்பு 4-இல் பூட்டு நெறிமுறைக்குள்ளேயே இருக்கிறது; ஃபயர்வாலில் 2049 என்ற ஒரே போர்ட் திறந்திருந்தால் போதும். இதற்குக் கிளையன்ட் கான்ஃபிக்கில் பதிப்பு 4-ஐயும் அதன் கீழ் 4.1, 4.2 ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். ரூட்டுக்குப் பின் வருவதால் இது மாட்யூலாகவே இருக்கலாம். ரூட்டைப் படிக்க மட்டும் என்று ஏற்றுமதி செய்து, மாறக்கூடிய கோப்புறைகளுக்கு, நினைவகத்தில் மட்டும் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் வைத்தால், ஓர் இயந்திரத்தின் பிழை மற்ற 21-ஐத் தொடாது.

சர்வர் எந்தெந்தப் பதிப்புகளைத் தருகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். ‘/புராக்/எஃப்எஸ்/என்எஃப்எஸ்டி/வெர்ஷன்ஸ்’ கோப்பைப் படித்தால் கூட்டல், கழித்தல் குறிகளோடு அது சொல்லிவிடும். நாளை சர்வர் கெர்னலை உயர்த்தினாலும் இதைப் பாருங்கள், 6.2-லிருந்து சர்வரிலும் பதிப்பு 2 தனித் தேர்வாகி, முன்னியல்பாக அணைந்திருக்கிறது.

ஆய்வகச்சாவி:

அனைவருக்கும் நன்றி. இன்று மாலை நிலவரத்தைப் பதிந்துவிடுகிறேன்.

லிஸ்ட்நியூகான்ஃபிக்கை ஓட்டி, என்எஃப்எஸ், ஐபி பகுதிகளில் வந்த புதிய தேர்வுகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். யுடிபி தடையை அப்படியே இருக்கவிட்டு, பதிப்பு 2-ஐ அணைத்து, 4.2 வரை மாட்யூலாகச் சேர்த்துக் கம்பைல் செய்தேன். பூட் வரியில் பதிப்பு, டிசிபி, அளவுகள் மூன்றையும் எழுதியே வைத்திருக்கிறேன். 21 இயந்திரங்கள் எழுந்துவிட்டன. எழாத ஒன்றில், நெட்வொர்க் சாதனம் இல்லை என்ற வரிதான் வந்தது. திறந்து பார்த்தால், போர்டில் உள்ள போர்ட் பழுதாகி, வேறு நிறுவனத்தின் கார்டு ஒன்றை யாரோ செருகியிருக்கிறார்கள்; அதன் டிரைவர் எங்கள் கான்ஃபிக்கில் மாட்யூலாக இருந்தது. அதையும் உள்ளே சேர்த்தபின் அதுவும் எழுந்துவிட்டது.

ஹோமைப் பிரிக்கும் வேலையைத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கியதும் செய்யவிருக்கிறேன். அதுவரை ஒரு மாணவர் ஒரே நேரத்தில் ஓர் இயந்திரத்தில் மட்டும் நுழையுமாறு ஆய்வகக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கடலோரம்:

எனக்கும் அந்தத் தேர்வு தெரிந்துவிட்டது. கிளையன்ட் எம் குறியில் இருந்ததுதான் காரணம்.